யாழ்ப்பாணத்தில் ஒரு காந்தமானியை வைத்தால் காந்தமண்டல அலைகள் தெரியுமா?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஒரு ஆசிரியர். பூமியின் காந்தமண்டலத்தில் அலைகள் ஓடுகின்றன, அவற்றைத் தரையில் வைத்த கருவிகளால் ஆராய்கிறார்கள் என்று வாசித்திருக்கிறார். பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் நடப்பதைத் தரையில் இருந்து எப்படி நம்பி அளப்பது, செய்மதிகள் இருக்கும்போது அது எதற்கு, மாணவர்களோடு சேர்ந்து இங்கிருந்தே ஏதாவது செய்யலாமா, கைத்தொலைபேசியில் இருக்கும் காந்த உணரி போதாதா என்று கேட்கிறார். நாலு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: நாம் நிற்கும் இடத்தில் ஊசி அசைந்தால், அது எங்கே நடந்த எதனுடைய அசைவு என்று எப்படிச் சொல்வது? இந்தத் துறையில் பயின்று, பல வருடங்களாக வடதுருவத்துக்கு அண்மையில் இருக்கும் நிலையங்களின் தரவுகளையும் நடுக்கோட்டு நிலையங்களின் தரவுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து வருகிறேன். அந்த அளவில் சொல்கிறேன். ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், ஆம், முடியும். ஆனால் கனடாவில் ஒரு கருவி பார்ப்பதை யாழ்ப்பாணத்தில் அதே கருவி பார்க்காது, இங்கே பார்ப்பதை அங்கே பார்க்காது. காரணம் கருவியில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

முதலில் அலை என்றால் என்ன என்று பார்ப்போம். பூமியைச் சுற்றியுள்ள காந்தமண்டலம் சூரியன் பக்கம் பூமியின் ஆரையைப் போலச் சுமார் 10 மடங்கு தூரம் வரை, அதாவது 60,000 கிலோமீற்றருக்கு மேல் பரந்திருக்கிறது. அது வெற்றிடம் அல்ல, மிக ஐதான பிளாஸ்மா, அதாவது அயன்களும் இலத்திரன்களுமாகப் பிரிந்த வாயு, நிரம்பிய இடம். சுரமானியோடு, அதாவது இழுத்துக் கட்டிய கம்பியை அதிரவிட்டுப் பார்க்கும் ஆய்வுகூடக் கருவியோடு, வேலை செய்த உங்கள் மாணவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இழையில் ஓடும் குறுக்கலையின் கதி இழுவிசையிலும் ஓரலகு நீளத் திணிவிலும் தங்கியிருக்கிறது அல்லவா, இங்கே இழுவிசையைத் தருவது காந்தப் புலம், திணிவைத் தருவது பிளாஸ்மா, இழை என்பது காந்தப் புலக்கோடு. இரு முனையும் கட்டிய இழை போல, புலக்கோட்டின் இரு முனைகளும் வட, தென் அரைக்கோளங்களின் அயன்மண்டலத்தில், அதாவது மேல் வளிமண்டலத்தில் மின்னைக் கடத்தும் படையில், ஊன்றியிருக்கின்றன. ஆகவே நின்ற அலை உண்டாகும், அதற்கென்று ஒரு அடிப்படை மீடிறனும் இருக்கும். நடுக்கோட்டுத் தளத்தில் பூமியின் மையத்தில் இருந்து 4 ஆரைத் தூரத்தில் உள்ள புலக்கோட்டை எடுத்தால், அங்கே காந்தப் பாய அடர்த்தி சுமார் 480 நனோதெஸ்லா, ஒரு கன சென்ரிமீற்றரில் சில நூறு புரோத்தன்கள். கணக்குப் போட்டால் அலையின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வரும். புலக்கோட்டின் நீளம் 50,000 கிலோமீற்றருக்கு மேல். நடுக்கோட்டில் இருந்து விலக விலகப் புலம் வலுவடைவதால் கதி கூடும், அதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முறை அதிர ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்ற அளவில் எடுக்கும். இன்னும் வெளியே போனால் பல நிமிடங்கள். காதுக்குக் கேட்கும் மீடிறன் எதுவும் இல்லை, மில்லிஹேர்ட்ஸ் கணக்கு.

இதை முதலில் கண்டது தரையில் இருந்துதான். 1859ஆம் ஆண்டின் பெரும் காந்தப் புயலின்போது லண்டனுக்கு அருகே கியூ அவதான நிலையத்தில் பதிவான வளைகோடுகளை ஆராய்ந்த பால்ஃபோர் ஸ்ருவேர்ட், 1861இல் அவற்றில் சிறு சிறு அலைவுகள் இருப்பதை எழுதினார். அவை என்ன என்று அப்போது எவருக்கும் தெரியாது. 1942இல் ஹன்னஸ் அல்ஃபென், கடத்தும் பாயியில் காந்தப் புலம் இருந்தால் புதுவகை அலை ஒன்று ஓடும் என்று காட்டினார். பின்னாளில் 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1954இல் ஜேம்ஸ் டஞ்சி அந்த இரண்டையும் பொருத்தினார்: தரையில் பார்க்கும் அலைவு, புலக்கோட்டில் நிற்கும் அல்ஃபென் அலையின் தடம். முதல் செய்மதி ஏவப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முந்திய தேதி அது. தரையில் இருந்து என்ன தெரியும் என்று எவராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தத் தேதிகளைத்தான்.

சரி, மேலே அதிர்வது கீழே எப்படி வருகிறது? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அலை நேராகத் தரைக்கு இறங்குவதில்லை. சுமார் 100 கிலோமீற்றர் உயரத்துக்குக் கீழே காற்று மின்னைக் கடத்தாது, அங்கே அல்ஃபென் அலை ஓட முடியாது. அலை அயன்மண்டலத்தில் வந்து முடிகிறது, அங்கே மின்னோட்டங்களை உண்டாக்குகிறது, அந்த மின்னோட்டங்களின் காந்தப் புலத்தைத்தான் தரையில் உள்ள கருவி அளக்கிறது. அதிலும் அயன்மண்டலத்தில் மின்புலத்துக்கும் காந்தப் புலத்துக்கும் செங்குத்தாக ஓடும் ஹோல் மின்னோட்டமே தரையில் தெரிவதால், மேலே கிழக்கு மேற்காக ஆடிய அலை கீழே வடக்குத் தெற்காகத் தெரியும். ஏறத்தாழ 90 பாகை திரும்பி விடும். இது கோட்பாட்டில் வந்து, அளவீடுகளிலும் உறுதியான விடயம்.

இன்னொன்று, சிறிய அளவிலான அலைகள் வழியிலேயே மங்கிவிடும். அயன்மண்டலத்தில் கிடையாக 1,000 கிலோமீற்றர் அலைநீளம் கொண்ட ஒரு கோலம் தரைக்கு வரும்போது பாதியாகும். 100 கிலோமீற்றர் அலைநீளம் என்றால் ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்குதான் மிஞ்சும். மாணவர்களே கணிக்கலாம், அலையெண்ணையும் (2π ஐ அலைநீளத்தால் வகுத்தது) உயரத்தையும் பெருக்கி, e இன் மறை அடுக்குக்குறியாகப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே பூமியை வளையமாகச் சுற்றி விண்வெளியில் ஓடும் வளைய மின்னோட்டத்தில் மிதந்து செல்லும் புரோத்தன்கள் கிளப்பும் நுண்ணிய அலைகளைத் தரைக் காந்தமானி பெரும்பாலும் காணாது. செய்மதி காணும், ராடர் காணும். தரையில் ஒன்றும் பதிவாகவில்லை என்பதால் மேலே ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்டுவது பிழை. தரை அவதானத்தின் மிகப் பெரிய எல்லை இதுதான், எவ்வளவு விலை கொடுத்துக் கருவி வாங்கினாலும் இதைத் தாண்ட முடியாது.

அப்படியானால் செய்மதி போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். செய்மதி இருக்கும் இடத்திலேயே அளக்கிறது, அது பெரிய பலம். ஆனால் அது செக்கனுக்குச் சில கிலோமீற்றர் கதியில் ஓடிக்கொண்டே அளக்கிறது. அளவீடு மாறினால், நேரத்தோடு புலம் மாறியதா அல்லது வேறு புலம் உள்ள இடத்துக்கு செய்மதி போய்விட்டதா என்று ஒரு செய்மதியை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். நாம் பேசும் அலைகளின் அலைநீளம் காந்தமண்டலத்தின் பருமனோடு ஒப்பிடக்கூடியது, அதற்குள் ஒரு புள்ளியில் நிற்பவருக்கு முழு அலையும் தெரியாது. தரை நிலையம் பூமியோடு சேர்ந்து மெதுவாகச் சுழல்கிறது, ஒரே புலக்கோட்டின் அடியில் மணிக்கணக்காக நிற்கிறது, வருடக்கணக்காக ஓடுகிறது, பத்து இருபது நிலையங்களை வரிசையாக வைக்கலாம். கனடாவின் கரிஸ்மா வரிசை, ஸ்கண்டினேவியாவின் இமேஜ் வரிசை எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன. 2007இல் தீமிஸ் செய்மதிகள் ஐந்தை அனுப்பியபோது, அதன் ஒரு அங்கமாகவே வட அமெரிக்கா முழுவதும் தரை நிலையங்களும் அமைக்கப்பட்டன. இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இரண்டு நிலைய முறை. வடக்குத் தெற்காகச் சுமார் 100 கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு காந்தமானிகள். வடக்கு நிலையத்தின் புலக்கோடு நீளம் கூடியது, மெதுவாக அதிரும். தெற்கில் உள்ளது கொஞ்சம் வேகமாக அதிரும். வெளியே இருந்து வரும் பல மீடிறன்கள் கலந்த ஒரு அலை இரண்டையும் தட்டும்போது, இரண்டின் பரிவு மீடிறன்களுக்கும் நடுவே அவற்றின் அவத்தை வித்தியாசம் உச்சத்துக்குப் போகும். அந்த உச்சம் இருக்கும் மீடிறன்தான் இடையில் உள்ள புலக்கோட்டின் இயல்பு மீடிறன். வீச்சத்தைப் பார்த்தால் தெளிவாகத் தெரியாது, அவத்தையைப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். மீடிறன் தெரிந்தால் சுரமானிக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு, பல்லாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் உள்ள பிளாஸ்மாவின் திணிவு அடர்த்தியைப் பெறலாம். செய்மதிகள் பெரும்பாலும் இலத்திரன்களின் எண்ணிக்கையைத் தரும், இந்த முறை திணிவைத் தரும். இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு அயனின் சராசரித் திணிவு கிடைக்கும். காந்தப் புயலுக்குப் பிறகு அது கூடினால், ஐதரசனோடு பாரமான ஒட்சிசன் அயன்கள் பூமியின் அயன்மண்டலத்தில் இருந்து மேலே ஏறியிருக்கின்றன என்று அர்த்தம். வயலில் புதைத்த இரண்டு கருவிகளால் விண்வெளியை எடைபோடுவது! இத்தனை வருடம் கழித்தும் அந்த அவத்தை வரைபடத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

எது உறுதி, எது விவாதத்தில் உள்ளது என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அலைகளை ஆவர்த்தன காலப்படி பிசி 1 முதல் பிசி 5 வரை வகுத்திருக்கிறார்கள், 0.2 செக்கனில் தொடங்கி 600 செக்கன் வரை. இவை ஒழுங்காகத் தொடரும் வகை. திடீரென்று தோன்றி மங்குபவை பிஐ 1, பிஐ 2. இதில் பிசி 3 எனப்படும் 10 முதல் 45 செக்கன் அலைகளில் பகலில் வரும் ஒரு பெரும் பங்கு, காந்தமண்டலத்துக்கு வெளியே, சூரியக் காற்று வந்து மோதும் இடத்துக்கு முன்னால் பிறக்கிறது. அவற்றின் மீடிறனை மில்லிஹேர்ட்ஸில் எடுத்தால், அது சூரியக் காற்றின் காந்தப் புலத்தை நனோதெஸ்லாவில் எடுத்து 6ஆல் பெருக்கிய அளவுக்குக் கிட்ட வரும். புலம் 5 நனோதெஸ்லா என்றால் 30 மில்லிஹேர்ட்ஸ், அதாவது 33 செக்கனுக்கு ஒரு அலை. சோவியத் ஆய்வாளர் வலேரியா துரொய்த்ஸ்கயாவும் அவருடைய குழுவினரும் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் தரைப் பதிவுகளைக் கொண்டே இந்த உறவைச் சொன்னார்கள். இது சராசரியாக நன்கு பொருந்துகிறது. ஆனால் ஒரு தனி நாளை எடுத்து இந்தச் சூத்திரத்தால் சூரியக் காற்றை அளக்கலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள், சிதறல் அதிகம்.

பிசி 5 அலைகள், அதாவது இரண்டரை நிமிடத்துக்கு மேற்பட்டவை, பூமியைச் சுற்றி அதிசக்தித் துணிக்கைகள் சிக்கியிருக்கும் கதிர்வீச்சுப் பட்டைகளில் உள்ள இலத்திரன்களோடு சக்தியைப் பரிமாறும் என்பது உறுதி. புயலுக்குப் பிறகு செய்மதிகளைக் கெடுக்கும் அதிசக்தி இலத்திரன்கள் பெருகுவதற்கு அவை முதன்மைக் காரணமா, அல்லது கோரஸ் எனப்படும் கிலோஹேர்ட்ஸ் அலைகள் அந்த இடத்திலேயே முடுக்குவது முதன்மையா என்பதில் நீண்ட வாதம் இருந்தது. 2012 முதல் 2019 வரை இயங்கிய வான் அலன் செய்மதிகள் இரண்டாவதற்குப் பலமான சான்று தந்தன. என்னுடைய கருத்து, இரண்டும் உண்டு, எந்தப் புயலில் எது கூட என்பதைத்தான் தேட வேண்டும். பிஐ 2 விடயத்தில் விவாதம் இன்னும் திறந்தே இருக்கிறது. இரவில், காந்தமண்டலத்தின் வால்பகுதியில் சக்தி வெடித்து வெளிவரும் நேரத்தில் 40 முதல் 150 செக்கன் அலைவுகள் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தோன்றும். அது நிகழ்வது உறுதி. பிளாஸ்மாக் கோளம், அதாவது பூமிக்கு அண்மையில் பிளாஸ்மா அடர்த்தியாக உள்ள பகுதி, முழுவதும் ஒரு குழி போலப் பரிவுறுவதால் வருகிறதா, வாலில் இருந்து விட்டு விட்டு வரும் பிளாஸ்மாப் பாய்ச்சல்களின் தாளத்தையே காட்டுகிறதா என்பதில் நல்ல ஆய்வாளர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம், உங்கள் கேள்வியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இலங்கையின் வடபகுதி காந்த நடுக்கோட்டின் மேலேயே கிடக்கிறது. இங்கே காந்த ஊசியைச் சுதந்திரமாகத் தொங்கவிட்டால் ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும், புலத்தின் பருமன் சுமார் 40,000 நனோதெஸ்லா. இதன் விளைவு என்ன? நல்லூரில் இருந்து புறப்படும் புலக்கோடு காந்தமண்டலத்துக்குப் போவதே இல்லை. கொஞ்சத் தூரம் வளைந்து, அயன்மண்டலத்தைத் தொடாமலே, காற்றுமண்டலத்துக்குள்ளேயே திரும்பி இறங்கிவிடும். காந்த அகலக்கோடு 7 பாகை அளவுக்குப் போனால்தான் புலக்கோட்டின் உச்சி 100 கிலோமீற்றரை எட்டும். ஆகவே நான் மேலே சொன்ன புலக்கோட்டுப் பரிவை, இரண்டு நிலைய முறையை, இங்கே செய்ய முடியாது. இடையில் உள்ள தூரத்தை எவ்வளவு கூட்டிக் குறைத்தாலும் வராது, அதிர்வதற்கு இழையே இல்லை. இடிமின்னலில் பிறந்து புலக்கோட்டு வழியே ஓடி வரும் விசில் அலைகளும் அதே காரணத்தால் இங்கே எதிர்பார்க்க வேண்டியவை அல்ல, வட இந்தியாவில் பதிவு செய்திருக்கிறார்கள். இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம், வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றிப் பிள்ளைகளின் ஒரு வருட உழைப்பு வீணாகக் கூடாது.

ஆனால் காந்தமண்டலத்தில் இன்னொரு வகை அலை இருக்கிறது. ஒலி காற்றை அமுக்குவது போல பிளாஸ்மாவையும் புலத்தையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு, புலக்கோடுகளைக் குறுக்கே கடந்து வரும். இது நடுக்கோடு வரை வரும். உயர் அகலக்கோட்டில் தோன்றிய மின்புலமும் அயன்மண்டலத்துக்கும் தரைக்கும் இடையில் உள்ள வெளி வழியாக ஏறத்தாழ உடனடியாகவே நடுக்கோட்டை அடையும். பிசி 3, பிசி 4, பிஐ 2, சூரியக் காற்று காந்தமண்டலத்தைச் சடுதியாக நெருக்கும்போது வரும் திடீர் அமுக்கங்கள் எல்லாம் இங்கே பதிவாவது இந்த இரண்டு வழிகளால். குறித்த ஒரு அலை எந்த வழியால் வந்தது என்பது பல வேளைகளில் தீராத வாதம்.

வந்து சேர்ந்த பிறகு இங்கே ஒன்று நடக்கிறது. காந்த நடுக்கோட்டின் மேலே, சுமார் 105 கிலோமீற்றர் உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி ஒரு ஒடுங்கிய மின்னோட்டம் ஓடுகிறது. நடுக்கோட்டு மின்தாரை என்கிறோம். புலம் கிடையாக இருப்பதால் அயன்மண்டலத்தின் கடத்துதிறன் அந்த ஒடுங்கிய பட்டியில் மட்டும் பல மடங்கு கூடுகிறது, அதுதான் காரணம். பட்டியின் அகலம் நடுக்கோட்டில் இருந்து இரு பக்கமும் ஏறத்தாழ 3 பாகை. திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் 1963இல் றொக்கெற் தளம் அமைத்ததும், தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் காந்த அவதான நிலையம் இருப்பதும் இந்த மின்தாரைக்காகத்தான். மேலே இருந்து வரும் நீண்ட ஆவர்த்தன கால அலைகளின் மின்புலம் இந்தப் பட்டியில் விழும்போது, பகலில் அவை வீச்சம் கூடித் தெரிகின்றன. குறுகிய ஆவர்த்தன காலமுள்ள பிசி 3 அலைகள் அதே பட்டியில் மங்குவதாகவும் தென்னிந்திய நிலையங்களில் கண்டிருக்கிறார்கள். சூரியக் காற்றின் அதிர்ச்சி அலை பகலில் வந்து மோதும்போது புலம் சடுதியாக மாறும் வீதம் நடுக்கோட்டில் தனியாகக் கூடுவதும் தெரிந்த விடயம். 1989 மார்ச்சில் கியூபெக்கில் 9 மணிநேரம் மின்சாரம் போனது உயர் அகலக்கோட்டுக் கதை. நமக்கு அந்த அளவு ஆபத்து இல்லை என்றாலும், நடுக்கோட்டு நாடுகளின் மின்கம்பிகளுக்கும் ஒன்றும் நடக்காது என்று முன்னர் நினைத்தது போல இப்போது எவரும் நினைப்பதில்லை.

இலங்கையின் அமைப்பு இதற்கு அருமையாக வாய்த்திருக்கிறது. யாழ்ப்பாணம் மின்தாரையின் நடுவே, மாத்தறை ஏறத்தாழ அதன் தெற்கு விளிம்பில். யாழ்ப்பாணம், வவுனியா, குருநாகல், மாத்தறை என்று நாலு பாடசாலைகள் ஒரே வகைக் கருவியை வைத்தால் மின்தாரையின் பாதிக் குறுக்குவெட்டையே வரைந்துவிடலாம். இதை நான் சும்மா ஊக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஆய்வுத் தரமான ஆசை இது.

பாக்கு நீரிணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே மின்னோட்டம் மாறினால் பூமிக்குள்ளும் கடலுக்குள்ளும் மின்னோட்டம் தூண்டப்படும், அதன் புலமும் சேர்ந்தே நம் கருவியில் விழும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் இந்தத் தூண்டல் மின்னோட்டம் ஒடுங்கிய வழியில் குவிந்து ஓடுவதை, தென்னிந்திய நிலையங்களில் நிலைக்குத்துக் கூறு விசித்திரமாக நடந்துகொள்வதை வைத்து 1970களில் இருந்தே இந்திய ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். குவிகிறது என்பது உறுதி. அதில் கடல்நீரின் பங்கு எவ்வளவு, நீரிணைக்குக் கீழே ஆழத்தில் நன்றாகக் கடத்தும் பாறை இருக்கிறதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. யாழ்ப்பாணம் அந்த வழியின் கரையிலேயே இருக்கிறது. ஆகவே வடக்குக் கூறை நம்புங்கள், நிலைக்குத்துக் கூறை வைத்து வானத்தைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். ஆனால் அதைக் கட்டாயம் பதிந்து வையுங்கள், நிலத்துக்கு அடியில் உள்ளதைத் தேடுபவருக்கு அதுதான் பொன்.

கருவி விடயம். கைத்தொலைபேசியில் இருக்கும் உணரி திசைகாட்டிக்காகச் செய்தது, அதன் ஒரு படியே பெரும்பாலும் நூறு நனோதெஸ்லாவுக்கு மேல். இங்கே பிசி 3 அலை ஒரு நனோதெஸ்லாவைத் தொட்டாலே பெரிது. ஆகவே அது உதவாது. ஆர்எம் 3100 என்ற சிறிய உணரியை அமெரிக்காவில் வானொலி ஆர்வலர்கள் தங்கள் விண்வெளி வானிலை வலையமைப்பில் பயன்படுத்துகிறார்கள், நன்றாகச் சராசரி எடுத்தால் சில நனோதெஸ்லா வரை பார்க்கலாம். காந்தப் புயலும், திடீர் அமுக்கமும், மின்தாரையின் தினசரி ஏற்ற இறக்கமும் அதில் தாராளமாகத் தெரியும். நண்பகலுக்குச் சற்று முன் வடக்குக் கூறு இரவு மட்டத்தை விடப் பல பத்து முதல் 100 நனோதெஸ்லா வரை உயரும் இடம் இது, உலகில் மிகச் சில இடங்களுக்கே அந்த வாய்ப்பு. அலைகளைப் பார்க்க வேண்டும் என்றால் மூன்று அச்சு ஃபிளக்ஸ்கேட் காந்தமானி வேண்டும், 0.1 நனோதெஸ்லாவோ அதற்கும் நுண்மையாகவோ பிரித்தறிய வேண்டும், செக்கனுக்கு ஒரு தடவையாவது பதிய வேண்டும், நேரத்தை ஜிபிஎஸ்ஸில் இருந்து எடுக்க வேண்டும். பிசி 1 போன்ற விரைவான அலைகளுக்குத் தூண்டற் சுருள் தேவை, அதைப் பாடசாலை மட்டத்தில் தொடங்கச் சொல்ல மாட்டேன்.

கருவியை விட இடம் முக்கியம். கார் ஒன்று 10 மீற்றரில் நின்றால் பல பத்து நனோதெஸ்லா குழப்பம் தரும். புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைவதால், 30 மீற்றரில் அது 27 மடங்கு குறையும், 100 மீற்றரில் கவலை இல்லை. பம்பாயில் 1841 முதல் இயங்கிய கொலாபா நிலையத்தையே மின்சார ட்ராம் வரப்போகிறது என்று 1904இல் அலிபாக்குக்கு மாற்றினார்கள். ஆகவே பாடசாலைக் கட்டடத்துக்குள் வைக்காதீர்கள், கொங்கிறீட் முழுவதும் கம்பி. இரும்பு கேற், தகரக் கூரை, கிணற்று மோட்டர், மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம் எல்லாவற்றில் இருந்தும் விலகி, ஒரு பனங்காணியின் நடுவில் வையுங்கள். நமது சுண்ணக்கல் காந்தத்தன்மை அற்றது, அது நல்லது. வெப்பநிலை மாறினால் உணரியின் பெறுமானம் நகரும், அதனால் ஒரு மீற்றர் அளவாவது புதைக்க வேண்டும், ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து குழியை நிரப்பிவிடும். இரு முனையும் நன்றாக அடைத்த எஸ்லோன் குழாய்க்குள் உணரியை வைத்து, பித்தளை ஆணி மட்டும் பயன்படுத்தி, மிதக்காதபடி இறுக்கி விடுங்கள். பற்றரியும் பதிவுக் கருவியும் சில பத்து மீற்றர் தள்ளி இருக்கட்டும். தோண்டப் போகும் காணி கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணிதானா என்பதைத் தோண்டுவதற்கு முன் உறுதி செய்யுங்கள், பிள்ளைகளோடு செய்யும் வேலை இது. முடிந்தால் நெடுந்தீவிலும் ஒன்று வையுங்கள். வாகனம் குறைந்த, விசாலமான இடம், எனக்கு விருப்பமான தெரிவு அதுதான், ஆனால் குறிகட்டுவானில் இருந்து படகேறிப் போய்ப் பராமரிக்க ஆள் வேண்டும்.

கருவி வாங்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. உலகின் காந்த அவதான நிலையங்களை இணைக்கும் இன்டர்மாக்னெற் வலையமைப்பின் தரவு இலவசம், அலிபாக், ஹைதராபாத் நிலையங்கள் அதில் இருக்கின்றன. 2024 மே 10, 11 தேதிப் புயலை எடுத்து வரையச் சொல்லுங்கள், லடாக்கின் ஹன்லேயில் சிவப்பு ஒளி தெரிந்த புயல் அது. பிறகு அமைதியான ஒரு இரவை எடுத்து, 40 முதல் 150 செக்கன் வரை மட்டும் விடும் வடிகட்டியால் வடித்து, பிஐ 2 தேடச் சொல்லுங்கள். அதற்கு ஒரு செக்கன் தரவு வேண்டும், ஒரு நிமிடத் தரவில் அது தெரியாது. நேரத்தை எப்போதும் உலக நேரத்தில் வையுங்கள். யாழ்ப்பாணத்தின் உண்மையான நண்பகல் நமது மணிக்கூட்டில் சராசரியாக 12.10 அளவில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் கருவி ஓடத் தொடங்கியதும் அமைதியான ஐந்து நாள்களின் வடக்குக் கூறில் இருந்து அதே நாள்களின் அலிபாக் பெறுமானத்தைக் கழியுங்கள். அலிபாக் மின்தாரைக்கு வெகு தூரத்தில் இருப்பதால் மிஞ்சுவது பெரும்பாலும் மின்தாரை. அந்த வளைகோடு காலையில் ஏறி நண்பகலை ஒட்டி உச்சம் கண்டு மாலையில் இறங்கினால் கருவி சரியாக வேலை செய்கிறது. பிற்பகலில் சில நாள் இரவு மட்டத்துக்குக் கீழே போனாலும் பயப்பட வேண்டாம், மின்தாரை திசை மாறி ஓடும் நாள்கள் உண்டு. ஆனால் கூரையில் வெயில் ஏறுவதோடு மட்டும் ஒத்துப்போனால் அது வெப்பநிலை, இன்னும் ஆழமாகப் புதைக்க வேண்டும். அந்த முதல் வரைபடத்தை, உணரியின் வெப்பநிலையையும் பக்கத்தில் போட்டு இங்கே பதிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.